பொங்காலைக்கு இடம் பிடித்தவர்

— புகைன்னு எழுதிக் குடுத்துருங்க டாக்டரம்மா, நாங்க போறோம். ஒண்ணேகாலுக்கு ஆத்துக்கால் அம்மைக்கு நிவேத்தியம். என் பொங்காலைப் பானை அங்க பழவங்காடி ரோட்டுல அநாதையா நிக்கு.

— புகையா இல்லியான்னு நானாக்கும் சொல்லணும் ஆன்ட்டி. நீங்க சொல்லி நான் எழுதப்பிடாது.

— நீங்க தமிழா?

— பாறசாலை. பேரு ஷெமி. இன்னைக்கு இந்தக் கேஷுவால்ட்டியில எனக்கு ட்யூட்டி. செரி, யாரு பேஷண்ட்? பேரென்ன?

— இந்தா கட்டில்ல கெடக்காகல்லா, இவுகதான். என் வீட்டுக்காரரு. கோமதிநாயகம். அறுபத்திரெண்டு வயசு. சாலைக் கடைத்தெருவுல குடைக் கடை. நான் பிச்சம்மாள். வீடு வலியசாலை. போதுமா? எழுதுங்க, புகை.

— அவரு பேசமாட்டாரா?

— பேசுவேன் டாக்டர். விஷயம் என்னன்னா, இடைவெளி கெடச்சாப் பேசுவேன்.

— அங்கிள், என்ன செய்யுது?

— நெஞ்சு இறுக்கம். யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி. மூச்சு பாதிதான் உள்ள வருது. மீதி வாசல்லயே நின்னுக்கிடுது. சாரமில்ல, பெரிசா ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லேன்னா ரோட்டுல எதுக்கு விழுந்தீங்க?

— விழல டாக்டர். உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்தேன்.

— நான் பானையில பச்சரிசியைப் போட்டுட்டுத் திரும்புதேன், இவுக நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நடுரோட்டுல. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுட்டு அடுத்த ஆளை ஏத்தப் போயிட்டான். வீல்சேரைத் தள்ளக்கூட ஆளு இல்ல. நான்தான் தள்ளிக்கிட்டு... இரிங்க, மூச்சு விட்டுக்கிடுதேன்... தள்ளிக்கிட்டு வந்தேன். கனம் என்ன கனம்.

— இன்னைக்கு ஊரு முழுக்க ரோட்டுல அடுப்பாக்கும் ஆன்ட்டி. பத்தரைக்குத் தீ மூட்டின பெறகு இந்நேரம் வரை நாப்பத்தி மூணு பேரு மூச்சு முட்டுன்னு வந்தாச்சு. கொஞ்சம் ஆக்ஸிஜன் குடுத்தா அரை மணிக்கூர்ல எழும்பிப் போவாங்க.

— அதத்தான நானும் சொல்லுதேன்.

— ஆனா காலையில பெரிய டாக்டர் எங்களை நிறுத்தி வச்சு ஒரு காரியம் சொன்னாரு. எல்லாம் புகை புகைன்னு வரும், அதுக்கு நடுவுல புகையில்லாத ஒண்ணு வரும், அதையும் புகைன்னு அனுப்பிச்சா ஆளு வீடு சேரமாட்டான்னு. அதுல இருந்து ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் விடுறேன். அங்கிள் அடுப்புப் பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னாரு?

— இவுக எங்க நின்னாக? பொங்காலை போடுத எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை? தீ வைக்கதுக்கு முந்தியே எதிர்த்த துணிக்கடை மாடிக்குப் போயாச்சு. ஏசியாம் அங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரோட்டுக்கு எறங்கி வந்தாக.

— அப்பம் புகையே படல.

— மணம் பட்டிருக்கும்லா.

— மணத்துல மூச்சு முட்டாது ஆன்ட்டி. அதுக்கு முந்தி எங்க இருந்தாரு?

— ஆங், அதக் கேளுங்க. இவுகள மாதிரி ஒரு மனுசன் இந்தத் திருவனந்தபுரத்துல உண்டுமா? நேத்து காலையில ஏழு மணிக்கு, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துல எனக்கு அடுப்புக்கு மூணு செங்கல்லை வச்சு, அது பின்னால ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்தவுக. இன்னைக்கு விடிஞ்சு எங்க தெருப் பொம்பளையள்லாம் பானையோட போய் நிக்கிற வரைக்கும் எந்திரிக்கல.

— இடம் பிடிக்கவா?

— பின்ன? போன வருசம் ஒரு சாயா குடிக்கப் போனாக. திரும்பி வரக்குள்ள நம்ம செங்கல்லு குப்பைத்தொட்டிப் பக்கத்துல கெடக்கு. நம்ம எடத்துல நெடுமங்காட்டுக்காரி ஒருத்தி பாயை விரிச்சு, பத்தாததுக்கு என்னைப் பாத்துச் சிரிக்கா. குப்பைத்தொட்டி ஓரத்துல நின்னு பொங்காலை போட்டேன். எங்க தெருவுல ஒரு வருசமா அதே பேச்சு.

— அதனால இந்த வருஷம் எழும்பவே இல்ல. அங்கிள், உள்ளதாக்கும்?

— ...ஆமா.

— இருபத்தி மூணு மணிக்கூர்?

— விஷயம் என்னன்னா டாக்டர், நான் கணக்குப் பாக்கல.

— மூத்திரம் போக?

— தண்ணி குடிக்கல.

— பாத்தீகளா, தண்ணிகூடக் குடிக்கல. இன்னைக்குச் சாயங்காலம் எங்க ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்ல இவுகளுக்குப் பொன்னாடை. மகளிர் அணிச் செக்ரட்டரி ஸ்வப்னா இந்தத் திரைக்கு வெளியதான் நிக்கா, வேணும்னா கேளுங்க. முன்மாதிரிக் கணவர்னு போர்டே எழுதியாச்சு.

— ஆன்ட்டி, பொன்னாடை கெடக்கட்டும். எனக்கு இப்பமாக்கும் பயமே வருது. இருபத்தி மூணு மணிக்கூர் காலைத் தொங்கப் போட்டு, தண்ணி குடிக்காம, அனங்காம அசையாம இருந்தா என்ன ஆவும் தெரியுமா? காலுல ரத்தம் ஓட்டமில்லாம கட்டியாப் போவும். அந்தக் கட்டி அங்க கெடந்தா காலு வீங்கும். கழண்டு மேல ஏறினா நேரா நுரையீரல்ல போய் அடைக்கும். நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், ஆளு சரிவான்.

— கீழ கெடக்குத ரத்தம் எதுக்கு மேல ஏறுது? தண்ணி பள்ளத்துக்குத்தான போவும்?

— ரத்தம் சுத்தும் ஆன்ட்டி.

— அது சுத்தட்டும். புகைன்னு எழுதுங்க.

— ஒரு மினிட். இதுக்கு ஒரு மார்க் உண்டு. நான் ஒவ்வொண்ணாக் கேப்பேன். மார்க் நாலுக்கு மேல போனா நேரா ஸ்கேன். நாலோ அதுக்குக் கீழயோ இருந்தா ஒரு ரத்தப் பரிசோதனை.

— இங்காருங்க, எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொல்லுங்க. மார்க் வாங்கிராதீங்க.

— மார்க் வாங்காம இருக்க எனக்குச் சொல்லியா குடுக்கணும்? பத்தாங் கிளாஸை மூணு தடவை எழுதினவன் பிச்சு நான்.

— அங்கிள், இருமுனா ரத்தம் வருதா?

— இல்ல.

— முன்ன எப்பமாவது ரத்தக் கட்டி வந்திருக்கா? புற்றுநோய்?

— இல்ல. இல்ல.

— ஒரு மாசத்துக்குள்ள ஆப்பரேஷன், மாவுக்கட்டு, கட்டில்ல கெடப்பு?

— எனக்கு ஒண்ணும் இல்ல.

— நாடி எண்பத்தி ரெண்டு. அதுக்கும் மார்க் இல்ல. காலைக் காட்டுங்க. டேப் வச்சு அளக்கேன். வலது கெண்டைக்கால் முப்பத்தி நாலு. இடது... அதுவும் முப்பத்தி நாலு. அமுக்கினா வலிக்கா?

— கிச்சுகிச்சு மூட்டுது.

— விரலை நீட்டுங்க. இந்த கிளிப் ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு காட்டும். தொண்ணூத்தி ஒம்பது.

— எத்தனைக்கு?

— நூறுக்கு.

— பிச்சு, நூத்துக்குத் தொண்ணூத்தி ஒம்பது. எங்க அப்பா இருந்திருந்தா அழுதிருப்பாரு.

— செரி, மார்க் பூஜ்யம். ஆனாலும் அந்த இருபத்தி மூணு மணிக்கூரை நினைச்சா எனக்கு விட மனசு வரல. இசிஜி எடுக்கேன். ரத்தமும் எடுக்கேன். எங்கயாவது கட்டி இருந்து கரையத் தொடங்கினா இந்த டெஸ்டுல கூடும். கூடலேன்னா கட்டி இல்ல, நீங்க பொங்காலைக்குப் போலாம். கூடினா சாயம் குத்தி வச்சு ஸ்கேன்.

— எவ்வளவு நேரம் ஆவும்?

— நாப்பது மினிட்.

— நாப்பதா? எங்க ஆத்துக்கால் அம்மைக்கு யாரு பதில் சொல்லுவா?

— நான் கிறிஸ்டியன் ஆன்ட்டி. ஆனாலும் நான் சொல்லிக்கிடுதேன். இங்கயே இருங்க, ரத்தம் எடுத்தாச்சு, நான் அடுத்த கட்டிலைப் பாத்துட்டு வாறேன்.

— ...போயிட்டாளா பிச்சு?

— போயிட்டா. ஏன்?

— சொல்லிரட்டுமா?

— என்னத்த?

— நான் உக்காரலன்னு.

— சத்தத்தைக் குறைங்க. ஸ்வப்னா வெளிய காதைத் தீட்டிக்கிட்டு நிக்கா.

— எனக்குப் பயமா இருக்கு பிச்சு. உக்காராத சேருக்கு ஊசி போடப் போறா. சாயம் குத்தி வைக்கப் போறாளாம். என்ன கலர்னுகூடக் கேக்கல.

— போட்டா என்ன? ஒரு ஊசி தாங்கமாட்டீகளா?

— நாலு மணிக்குப் போனவன் நான். உங்கிட்ட காலையிலயே சொன்னேன்லா? இந்தா வந்துருதேன்னு பூக்கடை சத்தியதாஸ்கிட்ட செங்கல்லை ஒப்படைச்சுட்டு, கூட்டாளி சிவதாணு வீட்டுக்கு ஒரு கேரம் ஆடப் போனேன். ஒரு ஆட்டம் ஏழு ஆட்டமாச்சு. சோபாவுல அப்படியே தூங்கிப் போயிட்டேன். விடியக்காலம் அஞ்சரைக்கு ஓடி வந்தா சேர்ல நீ இருக்க.

— நான் அப்பத்தான் வந்தேன்னு சொன்னேம்லா. பழசை எதுக்குக் கிண்டுதீக?

— நீ திட்டாம எந்திரிச்சு சேரைக் குடுத்த பாரு, அதுதான் இன்னும் பயமா இருக்கு.

— திட்டுத நேரமா அது? ரெண்டு நிமிசத்துல நம்ம தெருவே வந்துட்டு. நீங்க சேர்ல இருக்கீக, எல்லாவளும் பாத்தா. பக்கத்து வீட்டு ஷாலுவோட அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு, எம் புருசன் ஒரு குடத்தை நகட்ட மாட்டான், நீ குடுத்து வச்சவன்னு அழுதா. இப்ப போய் உக்காரலன்னு சொன்னா எம் மூஞ்சியை எங்க கொண்டு வைக்க?

— அதுக்காக எம் மூஞ்சியை மெஷினுக்குள்ள வைக்கணுமா?

— வைங்க. ஒரு நாளைக்கு வச்சா தேஞ்சு போவாது. இரிங்க, போன் அடிக்கு. ஹலோ, ஷாலு? என் பானை பொங்கிச்சா? எந்தப் பக்கம் வழிஞ்சுது? கிழக்கா? ஆத்துக்கால் அம்மே. வெல்லம் போட்டியா? எத்தனை கட்டி? ஏ பிள்ளே, அது பாயசமா, வெல்லக் கிடங்கா? சரி, கெளறு. அடி பிடிக்கப்பிடாது. எடத்தை விட்டு நகராத. யாரு கேட்டாலும் அத்தை இப்ப வந்துருவான்னு சொல்லு. ...பேச முடியல, வைக்கேன்.

— பிச்சு, உனக்கு ஏன் இப்படி இரைக்கு?

— உங்களைத் தள்ளிக்கிட்டு வந்ததுதான். வேற என்ன?

— ஒரு மணிக்கூர் ஆகப் போவுதே.

— நீங்க என்ன பஞ்சு மூட்டையா? இந்தா டாக்டரம்மா வருதா. வாயைத் திறந்தீக, நான் நானா இருக்க மாட்டேன்.

— ரிசல்ட் வந்தாச்சு. அங்கிள், நார்மல். இசிஜியும் நார்மல்.

— அப்ப போலாமா?

— நில்லுங்க ஆன்ட்டி. எனக்கு இது மனசிலாவல. கதையைக் கேட்டா இவருக்கு ரெண்டு காலும் வீங்கிக் கெடக்கணும். உடம்பைப் பாத்தா நேத்து நல்லா உறங்கி எழும்பின ஆளு மாதிரி இருக்கு. இருபத்தி மூணு மணிக்கூர் தண்ணி குடிக்காத ஆளுக்கு நாக்கு இவ்வளவு ஈரமா இருக்குமா? கதை ஒரு ஆளுடையது, உடம்பு வேற ஆளுடையது மாதிரியாக்கும் இருக்கு.

— பரம்பரை உடம்பு. இவுக அப்பாவும் அப்படித்தான்.

— நேத்து என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?

— ஒண்ணுமே சாப்பிடல, டாக்டரம்மா. பச்சைத் தண்ணிகூட...

— ஆன்ட்டி, அவரு சொல்லட்டும்.

— விஷயம் என்னன்னா டாக்டர்... ஏ...ஏவ்வ். மன்னிக்கணும்.

— கர்த்தாவே. எவ்வளவு பெரிய ஏப்பம். அங்கிள், இதுல எண்ணெயில பொரிச்ச பழம்பொரி மணமுல்லா வருது. எத்தனை?

— ஒம்பது.

— ஒம்பது பழம்பொரியா?

— கூடக் கொஞ்சம் மரச்சீனிக் கெழங்கும் கடலைக்கறியும். ராத்திரிக்கு. அப்புறம் காலையில எறங்கலையேன்னு, மேல ரெண்டு பழம்பொரி. அது சேத்தா பதினொண்ணு. ஆனா இந்த ஏப்பத்துக்குப் பெறகு நெஞ்சுல ஏறி உக்காந்தவன் எறங்கிட்டான் டாக்டர். மூச்சு பூரா உள்ள போவுது. நல்ல சுகம்.

— சேர்ல இருந்துகிட்டா பதினொண்ணு தின்னீங்க?

— சேர்ல நான் இருக்கவே இல்ல. பிச்சு, முறைக்காத. என்னால முடியல. நாலு மணிக்கு எந்திரிச்சு கேரம் ஆடப் போயிட்டேன் டாக்டர். விடியக்காலம்தான் வந்தேன். பொன்னாடையும் வேண்டாம், போர்டும் வேண்டாம். எனக்கு ஸ்கேன் எடுத்துராதீங்க.

— இதை அப்பமே சொல்லப்பிடாதா? உங்களுக்கு வாயு அங்கிள். வெறும் வாயு. நான் இங்க நுரையீரல், ரத்தக் கட்டின்னு ஜெபம் பண்ணிட்டு நடக்கேன். ஒரு மருந்து எழுதித் தாறேன், குடிச்சுட்டுப் போங்க.

— அப்பாடா. எந்திரிங்க, போவோம். பன்னெண்டே முக்கால். ஆட்டோ கெடச்சா... கெடச்சா... இரிங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிடுதேன்.

— ஆன்ட்டி?

— ஒண்ணுமில்ல. புகை.

— உங்களுக்குப் புகைதான். நீங்கதான அடுப்புகிட்ட நின்னது. செரி, ஆனா வந்து ஒரு மணிக்கூராச்சே. அந்த விரலை நீட்டுங்க.

— எனக்கெதுக்கு? நானா பேஷண்ட்?

— சும்மா நீட்டுங்க. ...எண்பத்தி ஏழு.

— அது குறைவா?

— இந்த கிளிப் சில நேரம் கோளாறு காட்டும். அங்கிள், உங்க விரல். தொண்ணூத்தி ஒம்பது. என் விரல்ல போடுறேன். தொண்ணூத்தி ஒம்பது. ஆன்ட்டி, திரும்ப நீட்டுங்க. எண்பத்தி ஏழு. எண்பத்தி ஆறு. நாடி நூத்தி இருபத்தி நாலு.

— அவளுக்குக் கணக்கு எப்பவும் என்னைவிட நல்லா வரும் டாக்டர், இதுல மட்டும் ஏன்...

— அங்கிள், கொஞ்சம் மிண்டாம இருங்க. ஆன்ட்டி, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மூச்சு இழுத்தா எங்கயாவது குத்துதா?

— வலது விலாவுல. ஒரு ஊசி மாதிரி. காலையில இருந்து. பானையைத் தூக்கினதுல பிடிச்சிருக்கும்.

— சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க. காலைப் பாக்கணும்.

— ஆம்பளை இருக்காகல்லா.

— உங்க வீட்டுக்காரருதான ஆன்ட்டி.

— அதுக்காக?

— நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன் பிச்சு. காட்டு.

— வலது கெண்டைக்கால் முப்பத்தி மூணு. இடது... முப்பத்தி எட்டு. எப்பம் இருந்து இப்படி வீக்கம்?

— அது கட்டு அவுத்த காலு. அப்படித்தான் இருக்கும்.

— எந்தக் கட்டு?

— மாவுக்கட்டு. பின்கட்டுல வழுக்கி விழுந்து கணுக்கால் பெசகிட்டு. மூணு வாரம் கட்டு. போன வெள்ளிக்கிழமைதான் அவுத்தாக.

— மாவுக்கட்டா? நான் கேட்டேனே. மாவுக்கட்டு உண்டான்னு வாயைத் திறந்து கேட்டேனே ஆன்ட்டி.

— அவுககிட்டல்லா கேட்டீக. எங்கிட்ட கேட்டீகளா?

— அதான் டாக்டர் இந்த வருசம் நான் கண்டிப்பா உக்காரணும்னு ஆச்சு. கட்டு அவுத்த டாக்டர் சொன்னாரு, இவளை ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்கார விடாதீங்க, நடக்கட்டும்னு. நான்தான் சொன்னேன், சாரமில்ல பிச்சு, செங்கல்லுக்கு நான் காவல், நீ வீட்டுல காலை நீட்டி நடமாடிக்கிட்டு இருன்னு.

— செரி. இனி ரெண்டு பேரும் உள்ளதைச் சொல்லணும். இது விளையாட்டில்ல. காலு வீக்கத்துக்கு மூணு, நாடிக்கு ஒண்ணரை, மாவுக்கட்டுக்கு ஒண்ணரை. ஆறு மார்க் ஆச்சு. அங்கிள், நீங்க நாலு மணிக்குப் போயிட்டீங்க. விடியக்காலம் வந்தீங்க. நடுவுல செங்கல்லு யாரு கையில?

— பூக்கடை சத்தியதாஸ்.

— பூக்கடை ராத்திரி முழுக்க உண்டா?

— அது... எட்டு மணிக்குப் பூட்டிருவான். பிச்சு, எட்டு மணிக்குப் பூட்டிருவானே அவன்.

— எதுக்கு இப்ப அதெல்லாம்? எடம் கெடைச்சாச்சுல்லா.

— எட்டு மணிக்கு அப்புறம் எடம் எப்படி நின்னுது? பழவங்காடியில நேத்து ஒரு அங்குலம் விட்டு வைக்கலையே ஜனம். நீ அஞ்சு மணிக்குத்தான வந்தேன்னு சொன்ன?

— அப்படிச் சொன்னேன்.

— ஆன்ட்டி, எப்பம் வந்தீங்க?

— ஸ்வப்னா இருக்காளா பாருங்க.

— அவங்க போன் பேசிட்டு வராந்தாவுக்குப் போயாச்சு. சொல்லுங்க. எப்பம் வந்தீங்க?

— நேத்து சாயங்காலம். நாலரைக்கு.

— பிச்சு.

— தூக்குவாளியில தயிர்சாதம் கொண்டாந்தேன் இவுகளுக்கு. சேர் காலியாக் கெடக்கு. சத்தியதாஸ் பூக் கட்டுத மும்முரத்துல எங்க பாக்கான்? ஒரு பொம்பளை நம்ம செங்கல்லைக் காலால தள்ளுதா. நான் டக்குனு போய் உக்காந்துட்டேன். இவுக இப்ப வந்துருவாகன்னு பாத்தேன். ஆறாச்சு, எட்டாச்சு. போன் பண்ணினேன், எடுக்கல. எந்திரிச்சா எடம் போயிரும். காலு மரத்துப் போச்சு, அப்புறம் வலிச்சுது, அப்புறம் வலியும் தெரியல. அப்படியே விடிஞ்சுட்டு.

— பதிமூணு மணிக்கூர். அசையாம?

— அசையல. தண்ணியும் குடிக்கல. எங்க போய் எறக்க?

— எங்கிட்ட ஏன் பிச்சு இப்பத்தான் வந்தேன்னு சொன்ன? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. அந்தச் செங்கல்லை எடுத்து எம் மண்டையில போட்டிருக்கலாமே.

— போடத்தான் எடுத்தேன். அதுக்குள்ள அவளுக எல்லாரும் வந்துட்டாளுக. உங்களைச் சேர்ல பாத்துட்டு ஒவ்வொருத்தியும் ஒண்ணு சொல்லுதா. முப்பத்தஞ்சு வருசத்துல முதல் தடவையா, பிச்சம்மா புருசன் பிச்சம்மாளுக்காக ஒரு ராத்திரி பூரா கெடந்தான்னு ஊரு சொல்லுது. எனக்கு அது கேக்க நல்லாயிருந்துச்சு டாக்டரம்மா. பொய்யுன்னு தெரியும். நான்தான உக்காந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நல்லாயிருந்துச்சு. இன்னைக்கு ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்.

— என் பிச்சு...

— அழாதீங்க. அறுபத்திரெண்டு வயசுல, சட்டை காலரை வச்சா மூக்கைத் தொடைப்பீக? எந்திரிங்க, பூசாரிமாரு பானைக்குத் தீர்த்தம் தெளிக்க வந்துருவாக. டாக்டரம்மா, அந்த வாயு மருந்துச் சீட்டைக் குடுங்க, நாங்க எறங்குதோம்.

— சிஸ்டர், ஸ்கேனுக்குச் சொல்லுங்க, ரத்தம் கட்டாம இருக்க ஊசி இப்பமே வேணும், ஆக்ஸிஜனும் கொண்டு வாங்க. அங்கிள், எழும்புங்க. அந்தக் கட்டில் ஆன்ட்டிக்காக்கும்.